மூன்றாவது பெட்டியின் இரைச்சல்

தம்பி,

கடையில் அந்த மூன்றாவது பெட்டியை நீ ஏன் கை காட்டினாய்? அதன் இரைச்சல் உனக்குக் கேட்கவே இல்லையா, அல்லது அந்த இரைச்சலுக்காகவேதான் அதை வாங்கினாயா? நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஒலியையும் ஒளியையும் இருபத்து மூன்று வருடமாகக் கல்லூரிப் பெண்களுக்குப் பாடம் நடத்துகிற என்னிடம் இல்லை.

இன்று மத்தியானம் கேள்வி மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. வேதியியல் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் ஒருத்தி என் மேசையில் ஒரு கட்டுத் தாள்களைக் கொண்டுவந்து வைத்தாள். விருதுநகரில் வீடு கட்டுகிறார்கள். மாடியில் ஓர் அறையை ஹோம் தியேட்டர் ஆக்கப்போகிறார்களாம்.

"மேடம், உங்க தம்பிக்கு நீங்கதான் புரொஜெக்டர் பாத்து வாங்கிக் குடுத்தீகளாமே? எங்க பட்ஜெட்டுக்கு எது நல்லதுன்னு பாத்துச் சொல்லுங்களேன். எனக்கு இந்த நம்பரெல்லாம் பாத்தா தலை சுத்துது."

பளபளப்பான தாள்கள். புது அச்சு மையின் வாசனை, மண்ணெண்ணெயில் எதையோ கலந்தது போல, மூக்கில் ஏறியது. பெட்டி எந்த நாட்டில் செய்ததாக இருந்தாலும் அதன் பெருமையைச் சொல்லும் தாள் சிவகாசியில்தான் அச்சாகிறது. பக்கங்களைத் திருப்பினேன். வெளிச்சம் இத்தனை, புள்ளிகள் இத்தனை, விளக்கின் ஆயுள் இத்தனை மணி நேரம் என்று எல்லாம் கொட்டை எழுத்தில். கடைசி வரியில் மட்டும், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், விசிறியின் சத்தம் இத்தனை டெசிபல். அந்த வரியை யாரும் வாசிப்பதில்லை. நான் வாசித்தேன். தாள்களை அடுக்கி அவளிடமே கொடுத்து, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை. அவளை அனுப்ப வேண்டியிருந்தது.

உனக்கு அந்த ஆசை வந்ததே எனக்குக் கேவலமாகப் பட்டது. அதை நான் மறைக்கவும் இல்லை. அந்த வருடங்களில் சிவகாசியில் கம்பெனி வைத்திருந்தவர்களுக்கெல்லாம் ஒரே சமயத்தில் அந்த நோய் பிடித்தது. ஒருவர் வீட்டில் சிவப்பு வெல்வெட் நாற்காலி பத்துப் போட்டால் அடுத்தவர் பதினைந்து போட்டார். உன் முதலாளி வீட்டுப் புதுமனைக்கு நாற்காலி இறக்கப் போன நீ, அந்த இருட்டறைக்குள் ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு நேரே விருதுநகருக்கு பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாய். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாய்.

"அக்கா, சொவரு முழுக்க மொகம்க்கா. பேசுறவுக ஒதடு இம்புட்டுப் பெருசு." இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினாய்.

"ஒதட்டப் பாக்கவா படம் பாப்பாக?" என்று கேட்டுச் சிரித்தேன்.

"டிவில ஒண்ணும் வெளங்கலக்கா. பொடிசா இருக்கு."

உன் வீட்டு டிவி இருபத்தொன்பது அங்குலம். முதலாளியைப் பார்த்து எச்சில் ஊறுகிறவன் சொல்லும் சாக்கு இது என்று முடிவு கட்டினேன். நம் வீட்டில் நான் முடிவு கட்டினால் அது கட்டியதுதான். நம் ஊரான மல்லாங்கிணற்றிலிருந்து மதுரைக்குப் போய் முதுகலை படித்த ஒரே ஆள் நான். பத்தாம் வகுப்போடு நின்று பட்டாசுக் கம்பெனிக்குப் போனவன் நீ. நீ என்ன சொன்னாலும் அதில் எத்தனை பங்கு அறியாமை என்று அளப்பதே எனக்கு வழக்கமாகியிருந்தது. அளந்து முடித்தபின் மிச்சம் எதுவும் இருப்பதாக எனக்குத் தெரிந்ததில்லை.

கம்பெனியில் உன் வேலையை மட்டும் நான் மதித்தேன் என்று சொல்லலாம். அதுவும் அரை மதிப்புதான். ஒவ்வொரு லோடு சரக்கிலிருந்தும் நாலைந்தை எடுத்துப் பொட்டலில் வெடித்துப் பார்ப்பது உன் பொறுப்பு. சத்தம் ஒரே சீராக இருக்கிறதா, சரத்தில் எத்தனை வெடிக்காமல் போனது என்று நீ சொல்ல வேண்டும். நீ தலையாட்டினால் சரக்கு பேக்கிங்குக்குப் போகும், இல்லாவிட்டால் திரும்பும். பதினெட்டு வருடம் அதைச் செய்தாய். அங்கே உன்னைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை, 'காது' என்பார்கள் என்று நீயே பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். பதினெட்டு வருடம் பத்தடித் தூரத்தில் வெடி வெடித்தால் ஒரு காது என்ன ஆகும் என்பது நான் வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிற பாடம். அந்தப் பாடத்துக்கு ஒரு முகம் உண்டு என்றும், அது என் தம்பியின் முகம் என்றும் எனக்குத் தோன்றியதே இல்லை.

எப்படியோ, புரொஜெக்டர் வாங்குவது என்று ஆகிவிட்டது. வாங்குவதாக இருந்தால் நான் சொல்வதைத்தான் வாங்க வேண்டும் என்றேன். ஆமத்தூரில் உன் வீட்டு முன்னறையை டேப்பை வைத்து அளந்தேன். பதினான்கடி நீளம். சுவரில் பழுப்பு டிஸ்டெம்பர் அடித்திருந்தாய், அதை வெள்ளையாக்கச் சொன்னேன். ஒரு நோட்டில் கட்டம் போட்டு, எந்தப் பெட்டியை எத்தனை அடி தள்ளி வைத்தால் எத்தனை அடிப் படம் விழும் என்று கணக்குப் போட்டேன். செல்வி எட்டிப் பார்த்து, "மதினி, கலியாணத்துக்குக்கூட இம்புட்டுப் பொருத்தம் பாக்கலயே" என்றாள். உன் மனைவிக்கு அவ்வப்போது ஒரு நல்ல வாக்கியம் வரும். அன்று நான் சிரிக்கவில்லை.

உன் கம்பெனிக்காரர்களும் தெருக்காரர்களும் சொன்ன யோசனைகளை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. அட்டைப்பெட்டியின் மேல் எந்த எண் பெரிதோ அதை வாங்கு என்றார்கள். ஆயிரம் என்று லேபிள் ஒட்டிய சரத்தைப் பிரித்தால் எத்தனை இருக்கும் என்று அந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். லேபிளை அச்சடிக்கிறவர்களும் ஒட்டுகிறவர்களும் அவர்களேதான். அப்படிப்பட்டவர்கள், வேறொரு ஊரிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி வந்தால் அதன் மேல் எழுதியிருப்பதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நம்புகிறார்கள். ஒரு புரொஜெக்டரின் அட்டைப்பெட்டி மேல் கொட்டை எழுத்தில் இருப்பது அது விழுங்கக்கூடிய படத்தின் புள்ளிக் கணக்கு. அது சுவரில் துப்புகிற படத்தின் புள்ளிக் கணக்கு கீழே, பொடி எழுத்தில் இருக்கும். வெளிச்சத்தின் எண்ணும் அப்படித்தான். அந்த எண் வருகிற அளவுக்கு விளக்கைக் கூட்டிவைத்தால் கதாநாயகி முகம் பாசி பிடித்த தொட்டி மாதிரி பச்சையாகத் தெரியும். இதையெல்லாம் நான் விளக்கியபோது நீ என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாய். கவனமாகக் கேட்கிறாய் என்று எனக்குத் திருப்தி. நீ என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்பது இப்போதுதான் தெரிகிறது.

மதுரையில் அந்தக் கடைக்கு நாம் இருவரும் போனது ஒரு வெள்ளிக்கிழமை. கறுப்புத் துணி தொங்கவிட்ட சின்ன அறைக்குள் நம்மைக் கூட்டிப்போன விற்பனையாளனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கழுத்தில் டை. பேச்சு முழுக்க மனப்பாடம்.

"மேடம், இது ரெண்டாயிரம் லூமன் மேடம். பட்டப்பகல்லயே படம் தெரியும்."

"பட்டப்பகல்ல படம் பாக்கிறவங்களுக்கு வேலைவெட்டி இருக்காதா?" என்றேன்.

அவன் சிரிப்பதா வேண்டாமா என்று உன்னைப் பார்த்தான். நீ சிரித்தாய், அவனும் சிரித்தான். பிறகு ஒரு டிவிடியைப் போட்டான். எல்லா வாடிக்கையாளருக்கும் அதைத்தான் போடுவான் போலிருக்கிறது. ஏதோ வெளிநாட்டு நகரம், ஆறு, பாலம், அதன் மேல் வாணவேடிக்கை. சிவகாசிக்காரனுக்கு மதுரைக்காரன் வாணவேடிக்கை போட்டுக் காட்டுகிறான். நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. நீயோ நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாய்.

முதல் பெட்டியில் சுவர் முழுக்கப் பால் ஊற்றியது போல வெளிச்சம். "ஏம்ப்பா, வானம் எதுக்குச் சாம்பக் கலரா இருக்கு?" என்று கேட்டாய்.

"அது லைட் அதிகம் சார். பிரைட்டா இருக்குல்ல?"

"வெளிச்சம் எவன் வேணாலும் குடுத்துருவான். இருட்டு சுத்தமா இருக்கணும். இருட்டு சரியில்லன்னா பூ விரிஞ்சதே தெரியாது."

அவனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஆறு மாதமாக நான் பத்திரிகைகளைப் புரட்டித் தெரிந்துகொண்டதை நீ ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டாய். மலிவுப் பெட்டிகளின் பெரிய குறையே அதுதான், கறுப்பைக் கறுப்பாகக் காட்டத் தெரியாது. நான் உன்னைப் பாராட்டவில்லை. குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்லிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது பெட்டி என் நோட்டில் கோடிட்ட பெட்டி. கறுப்பு பரவாயில்லை. நிறம் அளவாக இருந்தது. ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாத அமைதி. மூன்றாவதைப் போட்டதும் அறையே அதிர்ந்தது. மாவு மில்லுக்குள் உட்கார்ந்த மாதிரி. விற்பனையாளனே குரலை உயர்த்திப் பேசினான். ஆனால் படத்தில் இருட்டு இருட்டாக இருந்தது. ஒத்துக்கொள்கிறேன். ஆற்றுத் தண்ணீர் கறுத்துக் கிடக்க, அதன் மேல் சிவப்புப் பூ ஒன்று விரிந்து இறங்கியது.

"இது போதும்க்கா" என்றாய்.

"ஏலே, இது மில்லு மாதிரி எரையுதுடா."

"எரையுதா?" ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாய். "அம்புட்டு ஒண்ணும் இல்லக்கா. படத்தப் பாரு."

இரண்டாவதன் நல்ல குணங்களை வரிசையாகச் சொன்னேன். வசனம் கேட்க வேண்டாமா என்றேன். அறை சின்னது, பெட்டி தலைக்கு மேலேயே இருக்கும் என்றேன். "ஸ்பீக்கர்ல சத்தம் கூட்டி வச்சா சரியாப் போச்சு" என்று ஒரே பதிலையே மூன்று தடவை சொன்னாய். கடைசியில் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தேன். பஸ்ஸில் திருமங்கலம் தாண்டும்வரை உன்னோடு பேசவில்லை. மடியில் அட்டைப்பெட்டியை வைத்துக்கொண்டு, மேலே போட்டிருந்த படத்தையே பார்த்துக்கொண்டு வந்தாய். படிக்காதவனுக்குப் பொருள் வாங்கிக் கொடுக்கப் போனால் இப்படித்தான் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், விளக்கு வைக்கிற நேரத்துக்கு முதல் படம் போட்டாய். ஜன்னல் கண்ணாடிகளில் அச்சகத்தில் கழித்துப்போட்ட லேபிள் தாள்களை ஒட்டி வெளிச்சத்தை மறைத்திருந்தாய். கிளியும் ரோஜாப்பூவுமாக ஜன்னல் முழுக்க. உன் கம்பெனி மேனேஜரைக் கூப்பிட்டிருந்தாய். மெத்தை வைத்த ஒரே நாற்காலி அவருக்கு. உன் தெருவிலேயே குடியிருக்கும், கம்பெனியின் பேக்கிங் கொட்டகையான செட்டில் வேலை செய்கிற பெண்கள் நாலைந்து பேர் தரையில் உட்கார்ந்தார்கள். அவர்களில் பாண்டியம்மாள் என்ற பெண் மட்டும் சுவர் ஓரமாக, எல்லாருக்கும் முன்னால், உன்னைப் பார்த்த மாதிரி உட்கார்ந்தாள். படத்துக்கு முதுகைக் காட்டி எவளாவது உட்காருவாளா என்று நினைத்தேன்.

பெட்டி இரைய ஆரம்பித்தது. மேனேஜர் அண்ணாந்து பார்த்தார்.

"என்னப்பா, படம் போடச் சொன்னா மோட்டாரப் போட்டுட்ட? கெணத்துல தண்ணி கெடக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், எல்லாரும் சிரிப்பதைப் பார்த்தபிறகு.

படம் ஓடியது. பெரிய முகங்கள், பெரிய உதடுகள். வசனத்தில் பாதி இரைச்சலில் போயிற்று. பாண்டியம்மாள் மணிக்கட்டை ஒரு தடவை திருகிக் காட்டினாள், நீ எழுந்துபோய்ச் சத்தத்தைக் கூட்டினாய். ஸ்பீக்கர் கரகரத்தது. அவள் மறுபடி திருகினாள், நீ மறுபடி கூட்டினாய். எனக்கு மண்டை வெடித்தது. நோட்டில் எழுதியதும் கடையில் சொன்னதும் எல்லாம் தொண்டைக்கு வந்து நின்றது. பத்துப் பேர் முன்னால் நான் சொன்னதுதான் சரி என்று நிரூபணமாகிக்கொண்டிருக்கிறது, அதைச் சொல்லாமல் எப்படி இருப்பது?

"ஏலே, கடையிலயே சொன்னேன்ல? இந்த எரைச்சல் கேக்கலன்னா மனுசனுக்குக் காதுல கோளாறுதான் இருக்கணும். ஒனக்குக் காது கேக்குதா இல்லையா?"

நீ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். என்னை மதிக்கவில்லை என்று எனக்கு இன்னும் ஏறியது. வகுப்பில் கடைசி பெஞ்சுக்குப் பேசுகிற குரலில் மறுபடி சொன்னேன்.

"கேக்குதா இல்லையாடா? கம்பெனியில எத வச்சு வெடிச் சத்தம் பாக்குற நீ?"

செல்வி சேவுத் தட்டோடு வந்தவள் நடு அறையில் நின்றுவிட்டாள். பாண்டியம்மாள்தான் பேசினாள்.

"டீச்சர், படத்தப் பாக்க விடுங்க. பெரிய படிப்பு படிச்சவுக பேசிக்கிட்டே இருந்தா நாங்க எப்பிடிப் பாக்க?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். கூலிக்குப் பெட்டி அடைக்கிற ஒருத்தி என் வாயை அடைத்துவிட்டாள் என்று எனக்கு முகம் எரிந்தது. அதற்குப்பின் மேனேஜர் படம் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் கவனித்தேன். என் கட்சிக்கு ஓர் ஆள் கிடைத்ததாக எடுத்துக்கொண்டேன். புறப்படும்போது அவர் வாசலில் என்னிடம் வந்து, "நீங்க சொன்னது சரிதாங்க டீச்சர். நானுந்தான் கவனிக்காம இருந்துட்டேன்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த அறையில் ஒருவராவது விஷயம் தெரிந்தவர் என்று நினைத்தேன்.

அந்த வாரமே உன்னைப் பொட்டலிலிருந்து எடுத்து லேபிள் ஒட்டும் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். என்னிடம் வேறு மாதிரி சொன்னாய். "பொகை ஒத்துக்கலக்கா. நானே கேட்டு மாறிக்கிட்டேன்." நல்லதுதான், வெயிலில் நிற்க வேண்டாம் என்றேன். பதினெட்டு வருடம் சரக்கு நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொன்னவன், பசை வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிளியையும் ரோஜாப்பூவையும் ஒட்டினாய். உன்னை அதன்பிறகு யாரும் காது என்று கூப்பிடவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

ஒன்றே முக்கால் வருடம் அப்படி. ஞாயிற்றுக்கிழமைகளில் படம் போட்டாய். நான் இரண்டொரு தடவை வந்தேன், வந்தபோதெல்லாம் குத்திக்காட்டாமல் போனதில்லை. கரண்ட் போய் வந்தால் நீ முதலில் அந்தப் பெட்டியின் விலாவில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாய். விசிறி நின்றுபோய் விளக்கு மட்டும் எரிந்தால் விளக்கு வெடித்துவிடும் என்று நான்தான் உனக்குச் சொல்லியிருந்தேன். "கன்னுக்குட்டியத் தடவுற மாதிரி தடவுறான்" என்று செல்வியிடம் கேலி செய்தேன். விசிறி ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள உனக்கு வேறு வழி இருக்கவில்லை.

சித்திரையில் ஒரு காலை, கம்பெனி பஸ்ஸுக்காக ஆமத்தூர் நிறுத்தத்தில் நின்றவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். சாத்தூர் பக்கமிருந்து ஆஸ்பத்திரி வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பாண்டியம்மாள் வந்திருந்தாள். சாப்பாடு முடிந்து எல்லாரும் கலைந்தபிறகு, நான் தனியாக உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்து முந்தானையால் தரையைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீக. ஒங்களுக்கு நெசமாவே தெரியாதா?"

"எது?"

"அண்ணனுக்குக் காது போனது. ஏழெட்டு வருசமாச்சே."

அவள் குரலைத் தாழ்த்தி மேலே சொன்னாள்.

"எங்க செட்டுல பதினாலு பொம்பளைக. எல்லாத்துக்கும் தெரியும். சரம் வெடிக்கயில எங்கன விட்டுப்போச்சுன்னு நாங்க வெரலக் காட்டுவோம். மேனேஜரு கூப்பிட்டா கையத் தூக்குவோம். ஒருத்தியாச்சும் வாயத் தொறந்தமா? கூடப் பொறந்தவுக, அதுவும் காலேஜி டீச்சரு, ஒங்களுக்குத் தெரியாம இருக்குமா, தெரிஞ்சுதான் அன்னைக்கு அத்தன பேரு முன்னால சொன்னீகன்னு எங்க செட்டுல இன்னும் சொல்லிக்கிட்டுத் திரியிறாளுக. நான் இல்லங்கேன். தெரியாமத்தான் சொல்லியிருப்பாகங்கேன்."

அவள் எனக்காக வாதாடிக்கொண்டிருந்தாள். அதைவிட அவள் என்னைக் காறித் துப்பியிருக்கலாம்.

செல்வியை உள்ளே கூட்டிப்போய்க் கேட்டேன். தாலி இறக்கிய கழுத்தைத் தடவிக்கொண்டு சொன்னாள். "ஒங்ககிட்டச் சொன்னா மிசின வாங்கிக் காதுல மாட்டச் சொல்லுவீக மதினி. மாட்டுனா கம்பெனிக்குத் தெரிஞ்சுரும். அதான் அக்காகிட்ட மட்டும் சொல்லிறாதன்னுட்டாக." சரியாகத்தான் கணித்திருக்கிறாய். நான் அப்படித்தான் செய்திருப்பேன். எத்தனை டெசிபல் இழப்பு என்று ஒரு தாளில் எழுதி வாங்கி, அதை உன் கம்பெனியிலேயே கொண்டுபோய்க் காட்டியும் இருப்பேன். யாருக்குமே வசனம் கேட்காத அறையில் உனக்கு மட்டும் கேட்கவில்லை என்று தெரியாது என்றுதான் அந்தப் பெட்டியை எடுத்தாயோ என்னவோ.

செட்டில் வேலை செய்த பதினாலு பெண்களில் எழுதத் தெரிந்தவர்கள் நாலு பேர் இருந்தால் அதிகம். அவர்கள் கண்டுபிடித்ததை நான் கண்டுபிடிக்கவில்லை. என் அறிவைப் பற்றி எனக்கு இருந்த எண்ணத்தை நினைத்தால் இப்போது சிரிப்புக்கூட வருவதில்லை. மதுரைக் கடைக்காரனை, அவன் டையை, சிவகாசி முதலாளிகளின் வெல்வெட்டை, அட்டைப்பெட்டி எண்களை நம்பியவர்களை எல்லாம் நான் எத்தனை ஏளனமாகப் பார்த்தேன்! அவர்கள் யாரும் உனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. லேபிளைப் பார்த்துச் சரக்கை எடைபோட்டவள் நான்தான். பத்தாம் வகுப்பு என்று உன் மேல் ஒட்டியிருந்தது, அதை வாசித்துவிட்டு உள்ளே பிரித்துப் பார்க்காமல் விட்டேன்.

இப்போது நான் கரும்பலகையில் எழுதும்போது பேசுவதில்லை. எழுதி முடித்து, பெண்கள் பக்கம் திரும்பி நின்று, அதன்பிறகுதான் வாய் திறக்கிறேன். மேடத்துக்கு வயதாகிவிட்டது, இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியவில்லை என்று பின்வரிசையில் பேசிக்கொள்வது காதில் விழுகிறது. விழட்டும். வேதியியல் பெண்ணுக்கு எதை வாங்கச் சொல்வது என்பதையும் முடிவு செய்துவிட்டேன். வீட்டில் இருக்கிறவர்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போ, யார் எதைக் கை காட்டுகிறார்களோ அது ஏன் என்று கேட்டுப் பார், பதில் வரும்வரை எதையும் வாங்காதே என்று சொல்லப்போகிறேன். அவள் என்னைப் பைத்தியம் என்று நினைப்பாள்.

நீ முதல் படம் போட்டதற்கு மறுநாள் நடந்ததைப் பாண்டியம்மாள் சொன்னபடியே எழுதி வைக்கிறேன். நான் பார்க்கவில்லை. நான் அன்று முதலாமாண்டுக்கு ஒளிவிலகல் நடத்திக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணி. பொட்டலில் ஒரு சரத்தை வெடித்து முடித்தாய். புகை அடங்கியதும் குனிந்து, சிவப்புக் காகிதக் குப்பையைக் கையால் விலக்கி, வெடிக்காமல் கிடந்தவற்றைப் பொறுக்க ஆரம்பித்தாய். மேனேஜர் உனக்குப் பின்னால் வந்து நின்றார். கத்தாமல், சாதாரணக் குரலில் உன் பெயரைச் சொன்னார். நீ திரும்பவில்லை. இன்னொரு தடவை சொன்னார். செட்டு வாசலில் நின்ற பாண்டியம்மாள் கையைத் தூக்கினாள். மேனேஜர் அவளைப் பார்த்து, "கையக் கீழ போடு" என்றார். அவள் போடவில்லை. நீ நிமிர்ந்தபோது அந்தக் கையைப் பார்த்து, உடனே பின்னால் திரும்பினாய். மேனேஜர் முகத்தைத் துடைப்பது போலக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

நீ கையை நீட்டி விரித்துக் காட்டினாய்.

"ஏழு, சார்" என்றாய்.

உள்ளங்கையில் ஏழுதான் இருந்தன என்று பாண்டியம்மாள் சொன்னாள்.